ரேம் வேகத்தை ரைசன் செயலியோடு 1:1 பொருத்துவது எப்படி?

4000 என்று அச்சிட்ட ரேமைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம். மாட்டி, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) முழு வேகத்தையும் திறந்துவிட்டு ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்த்தால், 3600 ரேம் போட்ட நண்பரின் பெட்டி நம்முடையதை முந்துகிறது. ரேம் பழுதில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. ரேமின் வேகத்துக்குச் செயலிக்குள் இருக்கும் பஸ், அதாவது தரவு போகும் பாதை, ஈடுகொடுக்க முடியாமல் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடத் தொடங்கிவிட்டன, அவ்வளவுதான். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ரேமின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். புதிதாக ஓவர்கிளாக் (அறிவித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) பக்கம் வருகிறவர்களுக்கு இது சட்டென்று ஜீரணமாகாது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ரைசன் 3000, 5000 வரிசைகளையும் டிடிஆர்4 ரேமையும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மேடை இல்லை என்பது என் எண்ணம். சம்பந்தப்பட்ட மூன்று வேகங்களையும் பயாஸிலேயே தனித்தனியாகப் பார்க்கலாம், மாற்றலாம். பழைய கோர் 2 கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஏஎம்5, இன்டெல் பக்கம் இருப்பவர்களுக்கும் கடைசியில் சில குறிப்புகள் உண்டு.

எண்களைப் படிக்கும் விதம்

டிடிஆர் வகை ரேம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும். ஆகவே 3600 என்று விற்கப்படும் ரேமின் உண்மையான துடிப்பு 1800 மெகாஹெர்ட்ஸ்தான். சிபியு-இசட் மென்பொருளில் 1800 என்று தெரிந்ததும் பாதி வேகத்தில் ஓடுகிறதே என்று பதறுகிறவர்கள் அநேகம் பேர். பதற வேண்டாம், அது சரியான எண்தான்.

ரைசனில் நாம் கவனிக்க வேண்டிய துடிப்புகள் மூன்று. எம்கிளாக் என்பது ரேமுடையது. யூகிளாக் என்பது செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியுடையது. எஃப்கிளாக் என்பது அந்தக் கட்டுப்படுத்தியையும், கணக்குப் போடும் கோர்களையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உட்புறப் பஸ்ஸுடையது. 2017இல் வந்த முதல் ரைசன்களில் இவை ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டிருந்தன. ரேம் வேகத்தை ஏற்றினால் பஸ்ஸும் சேர்ந்து ஏறும், நமக்கு வேறு வழி கிடையாது. 2019இல் ரைசன் 3000 வந்தபோது ஏஎம்டி அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. அதிலிருந்துதான் பொருத்தும் வேலை நம் தலையில் விழுந்தது.

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் திரும்பினால் சட்டி நிற்காமல் போகும். நடுவில் ஒருவர் மட்டும் வேறு வேகத்தில் திரும்பினால், முன்னால் இருப்பவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் ஒவ்வொரு சட்டியையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் காத்திருக்கத்தான் வேண்டும். துடிப்புகள் பொருந்தாதபோது ஒவ்வொரு தரவுத் துண்டும் எல்லையில் இப்படிக் காத்திருக்கிறது. தானியங்கி அமைப்பில் விட்டால் ரேம் 3600ஐத் தாண்டியதும் பெரும்பாலான மதர்போர்டுகள் யூகிளாக்கை எம்கிளாக்கின் பாதியாகக் குறைத்துவிடும். 4000 ரேமில் எம்கிளாக் 2000, யூகிளாக் 1000, எஃப்கிளாக் 1800. தாமதம் ஏறக்குறைய பத்து நானோநொடி கூடிவிடும். ரேமின் மேலதிக வேகம் இந்த இழப்பை ஈடுகட்டாது.

நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்ற கணக்கும் இதையே சொல்கிறது. இரண்டு சேனலில் (ரேமுக்கும் செயலிக்கும் இடையிலான பாதை) ஓடும் 3600 ரேம் நொடிக்கு 57.6 ஜிகாபைட் தரும்: ஒரு சேனலுக்கு 8 பைட், இரண்டு சேனலுக்கு 16, அதை 3600ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். எஃப்கிளாக் ஒரு துடிப்புக்கு 32 பைட்டை ஒரு கோர்ச் சில்லுக்குள் கொண்டுபோகும். 1800ஐ 32ஆல் பெருக்கினாலும் அதே 57.6தான். 1:1 வைத்தால், அதாவது மூன்று துடிப்பும் சமமாக இருந்தால், குழாயின் இரண்டு முனையும் ஒரே அளவு. ஒரே கோர்ச் சில்லு உள்ள 5600, 5800எக்ஸ் போன்றவற்றில் ரேமை 4000 ஆக்கிவிட்டுப் பஸ்ஸை 1800இல் விட்டால், மிஞ்சும் தரவு உள்ளே போகவே வழியில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏய்டா64 என்ற அளவிடும் மென்பொருளின் சோதனையில் எழுதும் வேகம் மட்டும் படிக்கும் வேகத்தில் பாதியாகத் தெரிந்தால் ரேமைக் கழற்றாதீர்கள். ஒரே கோர்ச் சில்லு உள்ள செயலிகளில் எழுதும் பாதை 16 பைட்தான், வடிவமைப்பே அப்படி. 5600ஜி போல எல்லாம் ஒரே சில்லில் அமைந்தவை தனி ரகம். அவற்றில் எஃப்கிளாக் இன்னும் மேலே ஏறும், இங்கே சொல்லும் உச்ச வரம்புகள் அவற்றுக்குப் பொருந்தாது.

கை வைப்பதற்கு முன்

முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுங்கள். இதை வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. செயலியின் வேகத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் பெரும்பாலும் கணினி நின்றுவிடும், நமக்கு உடனே தெரிந்துவிடும். ரேம் அப்படியில்லை. கணினி நன்றாக ஓடுவதுபோலத் தெரியும், ஆனால் எப்போதாவது ஒரு பிட் தவறாக எழுதப்படும். ஒரு வாரம் கழித்துப் புகைப்படம் ஒன்று திறக்காது, விண்டோஸ் அப்டேட் ஒன்று பாதியில் விழும். எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்து, ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சி போடுவதானால், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒற்றைச் சேனல்தான் ஓடும். அதைச் சரிசெய்யாமல் வேகத்தை ஏற்றி ஒரு பயனும் இல்லை. நான்கு குச்சி போட்டிருந்தால் கட்டுப்படுத்திக்குச் சுமை அதிகம், எதிர்பார்ப்பை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸைப் புதுப்பியுங்கள். கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், யுபிஎஸ் இருந்தால் நல்லது. அப்புறம் பயாஸின் ரேம் சம்பந்தப்பட்ட எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் பிடித்துவையுங்கள்.

உத்தரவாதம் பற்றியும் ஒரு வார்த்தை. ரைசன் 5000க்கு ஏஎம்டி அறிவித்த ரேம் வேகம் 3200 மட்டுமே. அதற்கு மேலே போவதெல்லாம் ஓவர்கிளாக் கணக்கில் சேரும், அதனால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை.

படி 1: இப்போது என்ன ஓடுகிறது?

ஜென்டைமிங்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் எம்கிளாக், எஃப்கிளாக், யூகிளாக் மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். மூன்றும் ஒரே எண்ணா? சரி. இல்லையென்றால் எது விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏய்டா64இல் தாமத அளவையும் எடுத்துவையுங்கள், பின்னால் ஒப்பிட வேண்டும்.

படி 2: எக்ஸ்எம்பி

புது ரேமை மாட்டியதும் அது அதன் முழு வேகத்தில் ஓடாது. 2133 அல்லது 2666 போன்ற பாதுகாப்பான வேகத்தில்தான் தொடங்கும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற தேர்வை இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் வரும். ஏசுஸ் போர்டுகளில் இதன் பெயர் டிஓசிபி, எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி. உங்களிடம் இருப்பது 3200 அல்லது 3600 ரேம் என்றால் இதை இயக்கியதும் மூன்று துடிப்பும் தானாகவே 1:1இல் வந்து நிற்க வேண்டும். வந்துவிட்டால், உண்மையைச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்கு வேலை இத்தோடு முடிந்தது. படி 5க்குப் போய்ச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 3200இலிருந்து 3800க்கு ஏறி வாங்கும் லாபம் பல விளையாட்டுகளில் கண்ணுக்குத் தெரியாது. திரை அட்டைதான் தடையாக இருக்கிறதென்றால் ஒன்றுமே தெரியாது.

படி 3: பஸ்ஸும் ரேமும் சேர்ந்து ஏறட்டும்

மேலே போக ஆசையென்றால், முதலில் செயலியின் ஓவர்கிளாக், பிபிஓ (செயலி வேகத்தைத் தானாக ஏற்றும் தேர்வு) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ரைசனில் கோர் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கியால் பெருக்கி வருவது. அதை ஏற்றுவதும் ரேமை ஏற்றுவதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கணினி விழும்போது குற்றவாளி யாரென்று தெரியாது. அந்த 100ஐத் தொடவே வேண்டாம். அதை அசைத்தால் பஸ், ரேம், பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாமே சேர்ந்து அசையும்.

ரேமின் டைமிங்கை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் அது காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கையை, தாராளமாக விடுங்கள்: 18-22-22-42 நல்ல தொடக்கம். இதில் முதல் எண்ணுக்கு சிஎல் என்று பெயர். ரேம் மின்னழுத்தம் 1.35 வோல்ட். ரேம் வேகம் 3600, எஃப்கிளாக் 1800 என்று இரண்டையும் கையாலேயே எழுதுங்கள். யூகிளாக் தேர்வு இருந்தால் எம்கிளாக்குக்குச் சமம் என்று வையுங்கள். தானியங்கியை நம்பி விட்டுவிட்டால் சில போர்டுகள் சொல்லாமல் பாதியாக்கிவிடும்.

சேமித்து வெளியே வந்ததும் திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு நிமிடமாவது பொறுங்கள். பொத்தானை அமுக்கி அணைக்காதீர்கள். தோற்றால் தானாகவே சில முறை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்பும். அதுவும் நடக்கவில்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சீமாஸ் ஜம்பரைக் குறுக்கிணைத்து, அல்லது சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றிவைத்து அழித்துவிட்டுத் தொடங்கலாம். இதனால் எதுவும் கெட்டுவிடாது.

1800 நின்றுவிட்டால் அடுத்து 1833க்கு 3666, 1866க்கு 3733, 1900க்கு 3800. எஃப்கிளாக் இப்படி 33 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத்தான் ஏறும். ஒவ்வொரு படியிலும் இரண்டு எண்ணையும் சேர்த்தே மாற்றுங்கள். ரைசன் 3000இல் 1800 ஏறக்குறைய எல்லாச் செயலியிலும் கிடைக்கும், 1900 அதிர்ஷ்டம். 5000 வரிசையில் 1900 பரவலாகக் கிடைக்கிறது, 2000 அரிது. சில செயலிகள் ஒரு குறிப்பிட்ட படியில், பெரும்பாலும் 1900இல், அடம்பிடித்து நிற்காது. ஆனால் அதற்கு மேல் 1933இல் நின்றுவிடும். இதற்கு மருந்து கிடையாது. அதே மாதிரிச் செயலியில் இன்னொருவருக்கு 2000 நிற்கிறது என்பதை வைத்து உங்களுடையதை வதைக்க வேண்டாம், ஒவ்வொரு சில்லும் வேறு.

படி 4: மின்னழுத்தம்

பஸ்ஸுக்கு உதவுவது சாக் (SoC) மின்னழுத்தம், அதாவது செயலிக்குள் நினைவகக் கட்டுப்படுத்தி இருக்கும் பகுதிக்கானது. 1.1 வோல்ட்டில் தொடங்குங்கள். தினசரிப் பயன்பாட்டுக்கு 1.15ஐத் தாண்டாமல் இருப்பது என் விருப்பம், 1.2க்கு மேல் போகவே கூடாது. அதிலிருந்து பிரிந்து பஸ்ஸுக்கு வருபவை விடிடிஜி (VDDG) என்ற மின்னழுத்தங்கள். அவை சாக்கைவிடக் குறைந்தது 0.05 வோல்ட் கீழே இருக்க வேண்டும். சாக் 1.1 என்றால் விடிடிஜி 0.95 முதல் 1.05 வரை. ரேமோடு பேசும் சுற்றுக்கான விடிடிபி (VDDP) மின்னழுத்தத்தை 0.9இல் விடுங்கள். கூட்டினால் எல்லாம் சரியாகும் என்றில்லை. பல செயலிகளில் மின்னழுத்தம் அதிகமானாலும் பஸ் தடுமாறும், குறைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். ரேமைப் பொறுத்தவரை அதன் ஒட்டுத்தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே உங்கள் எல்லை.

படி 5: சோதனை

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இது அதுவாக இருக்கட்டும். விண்டோஸ் திறந்துவிட்டது என்பது தேர்வில் தேறியதாக ஆகாது.

வேகத்தை மாற்றியதும் விண்டோஸுக்குள் நேராகப் போகாமல், யுஎஸ்பியில் மெம்டெஸ்ட்86 போட்டு அதிலிருந்து தொடங்குங்கள். அது டிஸ்கைத் தொடாது, ஆகையால் பிழை இருந்தாலும் கோப்புகள் தப்பிக்கும். அதில் ஒரு பிழைகூட வரக்கூடாது. ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிற இடம் இதுவல்ல. பிழை வந்தால் டைமிங்கைத் தளர்த்துங்கள் அல்லது ஒரு படி இறங்குங்கள். பிறகு விண்டோஸில் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி நினைவகச் சோதனையைச் சில மணிநேரம் ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86 கண்டுபிடிக்காத பிழைகளை இவை கண்டுபிடிப்பதுண்டு.

இதுவரை சோதித்தது ரேமை. பஸ்ஸைச் சோதிக்க வேறு இடத்தில் பார்க்க வேண்டும். பிரைம்95இன் பெரிய எஃப்எஃப்டி சோதனையை ஓட்டிவிட்டு, விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் கீழே சிஸ்டம் பகுதியில் WHEA-Logger என்ற பெயரில் 19ஆம் எண் எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எஃப்கிளாக் தடுமாறுகிறது, ஆனால் செயலி பிழையைத் திருத்திக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். திரையில் எந்த அறிகுறியும் தெரியாது. திருத்தும் வேலைக்கே நேரம் போவதால் 1900இல் ஓடும் பஸ் 1866இல் ஓடுவதைவிட மெதுவாகிவிடுவதும் உண்டு. ஒலி கரகரப்பது, யுஎஸ்பி கருவிகள் நொடிநேரம் துண்டித்துத் திரும்புவது போன்றவையும் இதே நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். எச்சரிக்கை வந்தால் முதலில் விடிடிஜி, சாக் இரண்டையும் சிறிது மாற்றிப் பாருங்கள். போகவில்லையென்றால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு துணைக்குறிப்பு. சூடேறினால் ரேமின் பிழை விகிதம் கூடும், அதுவும் டைமிங் இறுக்கமாக இருந்தால் இன்னும் எளிதில் விழும். மார்கழி இரவில் தேறிய அமைப்பைச் சித்திரை மதியத்தில், ஏசி இல்லாத அறையில், திரை அட்டையும் சூடாக இருக்கும்போது இன்னொரு முறை சோதியுங்கள்.

படி 6: டைமிங்

வேகம் நிலைத்தபின் தளர்த்திவைத்த டைமிங்கை இறுக்கலாம். சிஎல் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அதை 2000ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால்தான் உண்மையான நேரம் கிடைக்கும். 3200இல் சிஎல் 16 என்றால் 10 நானோநொடி. 3600இல் சிஎல் 18 என்றாலும் அதே 10. 3600இல் சிஎல் 16 என்றால் 8.9. 4000இல் சிஎல் 19 என்றால் 9.5, அதுவும் 1:1 இல்லாமல். ரேம் வாங்கப் போகிறவர்கள் 3600, சிஎல் 16 என்ற ஜோடியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். விலைக்கும் வேகத்துக்கும் இதுதான் நல்ல இடம் என்று ரைசன் 3000 வந்த காலத்தில் ஏஎம்டியே சொன்னது.

ஒவ்வோர் எண்ணாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கியர் டவுன் என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் ஒற்றைப்படை சிஎல் ஏற்காது. 17 என்று எழுதினாலும் 18தான் ஓடும்.

கோர் 2 காலத்துப் பெட்டி என்றால்

ரைசனில் இப்போது செய்யும் இதே கணக்கு, செயலியையும் ரேமையும் இணைத்த முன்பக்கப் பஸ் இருந்த காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. 2007இல் வந்த இன்டெலின் கியூ6600 செயலியை எடுத்துக்கொள்வோம். பஸ் 1066 என்று விளம்பரம் சொல்லும். அது ஒரு துடிப்புக்கு நான்கு முறை அனுப்புவதால் வந்த எண், உண்மையான துடிப்பு 266. பெருக்கி 9, ஆக 2.4 ஜிகாஹெர்ட்ஸ். 8 பைட் அகலப் பஸ் நொடிக்கு 8.5 ஜிகாபைட் மட்டுமே கொண்டுபோகும். இரட்டைச் சேனல் டிடிஆர்2-533 ரேமே அந்தப் பஸ்ஸை நிரப்பிவிடும். 800 ரேம் போட்டவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் இங்கே பஸ்ஸை ஏற்றினால் ரேமும் கூடவே ஏறும். பஸ்ஸுக்கும் ரேமுக்கும் 2:3 விகிதத்தில் 800 ரேம் ஓடும்போது பஸ்ஸை 333 ஆக்கினால் செயலி 3.0 ஜிகாஹெர்ட்ஸுக்கு அழகாக வந்துவிடும். ரேமோ 1000 வேகத்துக்குத் தள்ளப்பட்டுக் கணினி எழுந்திருக்காது. செயலி தாங்கவில்லை என்று நினைத்து மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள், தாங்காதது ரேம். முதலில் விகிதத்தை 1:1 ஆக்கினால் ரேம் 667க்கு இறங்கிவிடும், பயமில்லாமல் பஸ்ஸை ஏற்றலாம். பெருக்கியை 8ஆகக் குறைத்துப் பஸ்ஸை 400 வைத்தால் 3.2 ஜிகாஹெர்ட்ஸ் வரும், 800 ரேமும் அச்சாகப் பொருந்தும். பிசிஐ எக்ஸ்பிரஸ் துடிப்பை 100இல் கட்டிவைக்க மறக்காதீர்கள்.

ஏஎம்5, இன்டெல்

ரைசன் 7000இலிருந்து கணக்கு சற்று மாறுகிறது. எஃப்கிளாக் 2000 அளவில் தனியாக ஓடட்டும், அதை ரேமோடு பொருத்த வேண்டியதில்லை. பொருந்த வேண்டியவை எம்கிளாக்கும் யூகிளாக்கும்தான். டிடிஆர்5-6000இல் இரண்டும் 3000. பல போர்டுகள் 6000க்கு மேல் யூகிளாக்கைப் பாதியாக்கிவிடும், ஆகையால் 6000இல் நிற்பதே உத்தமம். எக்ஸ்எம்பிக்குப் பதில் ஏஎம்டியின் எக்ஸ்போ தேர்வு இருக்கும். சாக் மின்னழுத்தம் அதிகமாகி 2023இல் சில செயலிகள் கருகியதை அடுத்து 1.3 வோல்ட் உச்சவரம்பு பயாஸிலேயே வைக்கப்பட்டது. பழைய பயாஸ் என்றால் எக்ஸ்போவை இயக்கும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து இதற்குக் கியர் என்று பெயர். கியர் 1இல் கட்டுப்படுத்தியும் ரேமும் ஒரே துடிப்பில் ஓடும், கியர் 2இல் கட்டுப்படுத்தி பாதியில் ஓடும். டிடிஆர்5இல் கியர் 2தான் வழக்கம், அதோடு போராட வேண்டாம். டிடிஆர்4 ரேம் என்றால் கியர் 1ஐக் கையால் தேர்ந்தெடுத்து 3600 வரை முயலலாம். 12ஆம் தலைமுறையில் பெயரின் கடைசியில் கே இல்லாத செயலிகளில் கட்டுப்படுத்தியின் மின்னழுத்தம் பூட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் 3200இல் கியர் 1 கிடைத்தாலே எடுத்துக்கொள்ளுங்கள்.